சித்தியும் பின்னியும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய் இன்றும் நிற்கிறது. இருபது அடி உயரம். துணிக்கொடியின் ஒரு முனையை இப்போது அதில்தான் கட்டியிருக்கிறோம். 1987-ல் அதை நட்டபோது உச்சியில் மீன்முள் போல விரிந்த ஆண்டெனா இருந்தது. அதற்குக் கீழே சின்ன டப்பாவுக்குள் பூஸ்டர். அப்பா குழாயைக் கட்டிப்பிடித்து அங்குலம் அங்குலமாகத் திருப்புவார். நான் மாடிப்படியின் நடுவில் நின்று, கூடத்தில் சொல்வதை மேலேயும் மேலே கேட்பதைக் கீழேயும் கடத்துவேன். "வந்துச்சா?" "இல்ல, புள்ளிதான்." "இப்ப?" "சத்தம் வருது, படம் வரல." கடைசியில் "அப்படியே விட்ருங்க!" என்று அம்மாவின் குரல் எழும்போது, ஆண்டெனாவின் முகம் தென்கிழக்கே சென்னையைப் பார்த்து நின்றிருக்கும்.

எங்கள் ஊர் நகரி. சென்னை இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். எங்களுக்குத் தலைநகராக இருந்த ஹைதராபாத் ஐந்நூறுக்கும் மேல். 1911 ஏப்ரல் 1-ல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை எடுத்து எங்கள் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். 1953 அக்டோபர் 1-ல் அது ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குச் சென்றது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். தெருவில் ஒரு வீடு தமிழ், அடுத்த வீடு தெலுங்கு. விசைத்தறியின் சத்தம் மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானபோது புத்தூர் அந்தப் பக்கம் போக, நகரி சித்தூரில் நின்றது. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்த மண்ணில், மக்கள் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைக் காட்டியவை அன்றைய ஆண்டெனாக்கள்தான்.

பெட்டி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டது. 1984-ல் நாளுக்கொன்று என்னும் வேகத்தில் நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்களை தூர்தர்ஷன் நட்டுக்கொண்டிருந்தது. அவை தில்லியிலிருந்து வந்ததை அப்படியே திருப்பி அனுப்பின. எனவே தமிழும் தெலுங்கும் பேசுகிற எங்கள் தெரு முதலில் பார்த்த குடும்பத் தொடர் இந்தியில் இருந்தது. தறி முதலாளி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வாசற்படிவரை உட்கார்ந்து பார்த்தோம். நாற்காலியில் அமர்ந்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள் மட்டும். விளம்பரம் வரும்போது தண்ணீர் கேட்பதா வேண்டாமா என்று யோசிக்கும் கூச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தத் தொடர் 'ஹம் லோக்'. 1984 ஜூலை 7-ல் தொடங்கி 1985 டிசம்பர் 17-ல் முடிந்தது; மொத்தம் 156 பகுதிகள். அதன் வேர் இந்தியாவில் இல்லை, மெக்சிகோவில் இருந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். மெக்சிகோவில் மிகெல் சபிதோ என்பவர் 1970-களில் ஸ்பானிய மொழியில் குடும்பத் தொடர்களை எடுத்தார். முதியோர் எழுத்தறிவுக்கு ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் வைத்தார். நல்லது செய்பவர், கெட்டது செய்பவர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறித் தேறுபவர் என மூவகை மனிதரை வைத்துக் கதை பின்னுவது அவர் முறை. மெக்சிகோவில் அதைப் பார்த்து வந்த மத்திய அமைச்சர் வசந்த் சாத்தே, இங்கும் அதுபோல ஒன்று வேண்டுமென்றார். மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்று நடந்ததைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். முதல் 13 பகுதிகளில் உபதேசம் மிகுந்திருந்தது என்று பார்வையாளர் சலித்துக்கொள்ள, அதன்பின் அதைக் குறைத்துக் கதையைக் கூட்டினார்கள். நாலு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்து குவிந்தன. விளம்பரம் தந்தது மேகி நூடுல்ஸ். குடும்பத்தைப் பற்றிய கதையோடு, குடும்பத்தின் அடுப்படிக்குள் நுழையும் ஒரு புதுப் பண்டமும் சேர்ந்து வந்தது.

எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் தெலுங்கில் சொல்வார். என் பாட்டி அதைத் தமிழில் சொல்வாள். இரண்டு கை மாறி வந்த கதைதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது. 1987 ஜனவரி 25-ல் 'ராமாயணம்' தொடங்கியபோது மட்டும் யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் அப்பா கறுப்பு வெள்ளை டயனோரா வாங்கினார். பெட்டி வந்ததும் தெருவுக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று எங்கள்மேல் ஏறியது: இனி எங்கள் கூடத்திலும் பாய் விரிக்க வேண்டும்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. உயரமான குழாயும் பூஸ்டரும் இருந்தால், வானம் தெளிந்த நாட்களில் அது எங்களுக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெலுங்கு வீட்டாரும் வருவார்கள். கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' போன்ற தொடர்கள் வாரம் ஒருமுறை வந்தன. அன்று ஒரு தொடர் என்றால் பெரும்பாலும் 13 வாரம். தொடங்கும்போதே முடிவு தெரியும். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளில் கதை தெருவில் நடந்தது. குழாயடியிலும் தறிக் கொட்டகையிலும் அந்தப் பாத்திரங்களைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் பேசுவதுபோல் பேசினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தது அரை மணி. பேசித் தீர்த்தது பல மணி.

அதன்பின் கம்பி வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி, 1995-ல் ஜெமினி, அதே வருடம் ஆகஸ்ட் 27-ல் ஈடிவி. கேபிள்காரர் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கறுப்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். ஒரே கம்பியில் தமிழும் தெலுங்கும் வந்தன, ஒரே கட்டணம். மாடிக் குழாயின் தலையிலிருந்து ஆண்டெனாவை அப்பா ஒருநாள் கழற்றி இறக்கினார். சென்னையைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது. சென்னையும் ஹைதராபாதும் ஒரே தொலைவில், ஒரு பொத்தானின் தொலைவில், வந்து நின்றன.

நான் சொல்ல வந்த பொற்காலம் இந்தக் கம்பி வந்ததற்குப் பிந்தைய பதினைந்து வருடம்தான். ராதிகாவின் 'சித்தி' 1999 டிசம்பர் 20-ல் சன் டிவியில் தொடங்கியது. தெலுங்குக் குரல் சேர்த்து ஜெமினியில் வந்தபோது அதற்குப் 'பின்னி' என்று பெயர். பின்னி என்றால் தெலுங்கில் சித்திதான். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தச் சொல்லைப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருத்தியைச் சித்தி என்றும் இன்னொருத்தியைப் பின்னி என்றும் கூப்பிட்டுத்தான் வளர்ந்தோம்.

2002 ஏப்ரல் 8-ல் 'மெட்டி ஒலி' தொடங்கியது. திருமுருகன் இயக்கினார். மனைவியை இழந்த சிதம்பரம், அவருடைய ஐந்து பெண்கள், அவர்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகள், அவ்வளவுதான் கதை. அது 2005 அக்டோபர் 14 வரை, 811 பகுதிகள் ஓடியது. அடுத்த வீட்டு அவ்வாவுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். அவர்கள் வீட்டிலும் பெட்டி இருந்தது, ஜெமினியும் வந்தது. ஆனாலும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மடியில் வெற்றிலைப் பெட்டியோடு எங்கள் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்காருவாள். சரோவின் மாமியார் ராஜம் வாயைத் திறந்ததும், "ஏமண்ட்டா உண்டாதி?" என்பாள், என்ன சொல்கிறாள் என்று. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு அப்படித்தான் இருக்கும். பாட்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தெலுங்கில் சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் கூட்டியும் சொல்வாள். ராஜம் ஒரு வசவு வைதால் பாட்டியின் தெலுங்கில் அது இரண்டாகும். அவ்வா "அய்யோ பாப்பம்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். நடுவில் இருவரும் கதையை விட்டுவிட்டுத் தங்கள் மாமியார்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அப்போது பாட்டியின் மாமியார் இறந்து நாற்பது வருடமாகியிருந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் பாட்டி அந்த மாமியாரைப் பற்றி முதன்முதலாக வாய்திறந்தாள்.

பதிலுக்கு எங்கள் வீட்டாரும் அந்தப் பக்கம் போனோம். மஞ்சுளா நாயுடுவின் 'சக்ரவாகம்' ஜெமினியில் 2003 நவம்பர் முதல் 2008 பிப்ரவரி வரை 1,111 பகுதிகள் ஓடியது. அது முடிந்த கையோடு அவருடைய 'மொகலி ரேகுலு' தொடங்கி 2013 மே வரை 1,368 பகுதிகள் வந்தது. என் தங்கைக்கு அந்த இரண்டும் பாடம்போல. பள்ளியில் தெலுங்கு படித்தவள்தான் என்றாலும், கோபித்துக்கொள்ளும் தெலுங்கையும் கெஞ்சும் தெலுங்கையும் அவள் அவ்வா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றாள். அதேபோல அவ்வாவின் பேரன் 'கோலங்கள்' பார்த்துத் தமிழ் கற்றான். தேவயானி அபியாக நடித்த அந்தத் தொடர் 2003 நவம்பரிலிருந்து 2009 டிசம்பர் வரை, 1,533 பகுதிகள். ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து ஆறாம் வகுப்பு முடிக்கும் காலம் அது. தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே வந்த ஊரில், தமிழ் எழுத்துத் தெரியாமலே தமிழ் பேசத் தெரிந்த ஒரு தலைமுறையை இந்தத் தொடர்கள் உருவாக்கின. பாடநூல் செய்யாததைச் செய்தன என்று நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

சிரிப்பும் அப்படித்தான் எல்லை கடந்தது. 2001 நவம்பர் 18 முதல் ஜெமினியில் ஞாயிறுதோறும் வந்த 'அம்ருதம்', கஷ்டப்பட்டு ஓட்டல் நடத்தும் இரண்டு நண்பர்களையும் அவர்கள் மனைவிமாரையும் வீட்டுக்கார அப்பாஜியையும் வைத்து ஆறு வருடம் ஓடியது. தமிழ் வீடுகளும் அதற்குக் காத்திருந்தன. அந்தச் சிரிப்பு குடும்பத்துக்குள்ளிருந்து வந்தது: கடன், வாடகை, கணவன் மறைத்த செலவு, மனைவி கண்டுபிடித்த பொய். இன்று நகைச்சுவைக்கு மேடை மாறிவிட்டது. ஈடிவியில் 2013-ல் தொடங்கிய 'ஜபர்தஸ்த்' குழு குழுவாக மேடையேறிச் சில நிமிடங்களில் சிரிக்கவைக்கிறது. அதன் நடுவர் நாற்காலியில் நெடுநாள் அமர்ந்திருந்த நடிகை ரோஜா, 2014 முதல் பத்து வருடம் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். திரைக்கும் தெருவுக்கும் இருந்த தூரம் அப்படியும் குறைந்தது. ஆனால் ஒரே குடும்பம் ஞாயிறுதோறும் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போகும் வகை மெல்ல மறைந்தது.

கதைகள் சொன்னது என்ன என்று பார்த்தால் மாற்றம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. 'மெட்டி ஒலி'யின் பெண்கள் பெரும்பாலும் பொறுத்தார்கள். பொறுமைக்குக் கதையில் மதிப்பு இருந்தது. 'கோலங்கள்' அபி புகுந்த வீட்டைவிட்டு வெளியே வந்து கட்டுமானத் தொழிலில் நின்றாள். 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வம் 2022 பிப்ரவரி 7-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' நாலு மருமகள்களை ஒரே வீட்டுக்குள் வைத்தது. படித்த பெண்களைத் தேடிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்காரவைக்கும் வீடு அது. அவர்களை ஆட்டிப்படைக்கும் ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பர் 8-ல் அவர் காலமானபோது, அத்தனை நாள் அந்தப் பாத்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் உறவில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள். அந்தக் கதையின் பெரிய முடிச்சு, அந்த வீட்டு அப்பத்தாவின் கையிலிருந்த நாற்பது சதவீதச் சொத்து.

அந்தப் பகுதிகள் ஓடியபோது என் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். ஆந்திராவில் மகளுக்கும் மகனைப்போலவே பரம்பரைச் சொத்தில் பங்கு உண்டு என்று 1986-லேயே என்.டி. ராமராவ் ஆட்சியில் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அது 1989-ல் வந்தது. நாடு முழுமைக்கும் 2005-ல். அத்தைக்கு 1990-ல் கல்யாணம். பாத்திரமும் பத்துப் பவுனும் வாங்கிக்கொண்டு போனாள். நிலத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, எங்கள் வீட்டிலும் யாரும் எடுக்கவில்லை. அப்பத்தா திரையில் தன் பங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னாள்: "இப்படிக் கேக்கலாம்னு அப்ப யாராச்சும் காட்டியிருந்தா நானும் கேட்டிருப்பேனோ என்னவோ." அப்பா எழுந்து மாடிக்குப் போனார். சட்டப் புத்தகத்தில் மூன்று கதவுகள் திறந்திருந்தும் கூடத்துக்குள் ஒரு சொல் வந்துசேர எங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாயிற்று. அதைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு தொடர்.

ஸ்பெயினிலும் இப்படி ஒரு தொடர் உண்டு. 'எப்படி நடந்தது, சொல்லேன்' என்று பொருள்படும் பெயரில் 2001 செப்டம்பரில் அங்கத்திய அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கி 2023 வரை ஓடியது. அல்காந்தரா என்ற சாதாரணக் குடும்பம் 1968-ல் தன் முதல் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்குவதில் கதை தொடங்குகிறது. அப்போது அங்கே சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. மணமான பெண் வேலைக்குப் போகக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1975 வரை இருந்தது. விவாகரத்து 1981-ல்தான் வந்தது. குடும்பத் தலைவி மெர்ச்சே வீட்டில் உட்கார்ந்து கால்சட்டை தைக்கிறாள். பிறகு சொந்தமாகத் துணிக்கடை வைக்கிறாள். பிறகு படிக்கப் போகிறாள். நாட்டின் மாற்றத்தை ஒரு தையல் மிஷினிலிருந்து சொல்லிக்கொண்டே போனார்கள். அந்தத் தொடரின் பலம், அது திரும்பிப் பார்த்தது என்பதில் இருக்கிறது. நேற்று நாம் எப்படி இருந்தோம் என்பதை வருடம் குறித்து, விலை குறித்து, அன்றைய அறைகலனோடு காட்டியது. நம் தொடர்கள் ஆயிரம் பகுதி ஓடினாலும் அவற்றில் வருடம் இல்லை. எந்தத் தேர்தல், எந்தப் பஞ்சம், எந்த விலைவாசி என்ற அடையாளம் இல்லை. நகரியிலோ சத்தியவேட்டிலோ 1960-ல் கோடு மாறிய இரவை ஒரு குடும்பத்தின் கூடத்திலிருந்து சொல்லும் தொடர் ஒன்று தமிழிலோ தெலுங்கிலோ வந்திருந்தால் எத்தனை நன்றாயிருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

2019 பிப்ரவரியில் அலைவரிசைகளை அவரவரே தேர்ந்தெடுத்துக் காசு கட்டும் முறை வந்தது. சன் டிவிக்கு 19 ரூபாய், ஜெமினிக்கு 19 ரூபாய். பார்க்காததற்கு ஏன் பணம் என்பது நியாயமான கேள்விதான். எங்கள் வீடு தெலுங்கை விட்டது. அவ்வா வீடு தமிழை விட்டது. ஒரே கம்பிக்குள் தானாக வந்துகொண்டிருந்த அடுத்த வீட்டு மொழி அந்த மாதத்தோடு நின்றது. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் மாதம் 149 ரூபாய்க்கு இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் சேர்த்துத் தந்தது. அதன்பின் கைப்பேசியே பெட்டியானது. இன்று எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து திரை. அம்மா ஜியோஹாட்ஸ்டாரில் தமிழ்த் தொடர். வயதான பெரியப்பா, தேவஸ்தானம் 2008-ல் திருப்பதியில் தொடங்கிய எஸ்.வி.பி.சி. பார்க்கிறார். இப்போது அது தமிழிலும் வருகிறது. தங்கை மகன் ஸ்பெயின்காரர்கள் எடுத்த 'மணி ஹைஸ்ட்' தொடரைத் தெலுங்குக் குரலில் பார்க்கிறான். மெக்சிகோ வழியாகச் சுற்றி, இந்தியில் எங்கள் தெருவுக்கு வந்த ஸ்பானியக் கதை மரபு, நாற்பது வருடம் கழித்து நேராக அவன் கைக்கே, அவன் பேசும் மொழியில் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்லித்தர ரயில்வேக்காரரும் தேவையில்லை, பாட்டியும் தேவையில்லை.

பெற்றவை கொஞ்சமல்ல. இன்று எந்தக் குழந்தையும் அடுத்தவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்கக் கூசுவதில்லை. மின்சாரம் போய் ஒரு பகுதி தவறினால் அது தவறியதுதான் என்றிருந்த காலம் போய், நினைத்த நேரத்தில் பார்க்க முடிகிறது. வாரம் ஒருமுறை வந்த கதை வாரம் ஐந்து நாளாகி, ஆறு நாளாகியிருக்கிறது. 'ஹம் லோக்' 156 பகுதிகளில் முடிந்தது. ஈடிவியின் 'அபிஷேகம்' 2022-ல் முடிந்தபோது 4,000 பகுதிகளைத் தொட்டிருந்தது. கதைகளும் பயணம் போகின்றன. வங்காளத்தில் 2019-ல் வந்த 'ஸ்ரீமொயி', இந்தியில் 'அனுபமா', தமிழில் 'பாக்கியலட்சுமி', தெலுங்கில் 'இன்டின்டி கிருஹலட்சுமி'. கணவன் மதிக்காத ஓர் இல்லத்தரசி நடுவயதில் தன் காலில் நிற்பதை, அரை டஜன் மொழிகளில் பெண்கள் அவரவர் மொழியிலேயே பார்த்தார்கள். ஒரு நல்ல கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இழந்ததைச் சொல்வது அதைவிடக் கடினம், ஏனென்றால் அதை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. கூடத்தில் விரித்த பாய் எப்போது சுருண்டது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. கதை நம் மொழியில் வராதபோது, அதைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளோடு உறவு வேண்டியிருந்தது. பாட்டிக்கு அவ்வா வேண்டும், அவ்வாவுக்குப் பாட்டி வேண்டும். இப்போது மொழிபெயர்ப்பு வேலை எங்கோ முடிந்து, வேறு வீடு, வேறு பெயர், வேறு முகங்களோடு கதை தயாராக வந்துவிடுகிறது. தங்கைக்கு வந்த தெலுங்கு அவள் மகனுக்கும் வந்தது, பள்ளியில். ஆனால் அவனுக்குத் தமிழ் வரவில்லை. அம்மா பேசினால் புரிந்துகொள்வான். பதிலைத் தெலுங்கில் சொல்வான். அவ்வாவின் பேரன் வேலைக்குச் சென்னை போனபோது அவனைக் காப்பாற்றிய தமிழ் 'கோலங்கள்' தந்தது. என் மருமகனுக்கு அப்படித் தர ஒரு தொடர் இல்லை.

பாட்டியும் அவ்வாவும் இப்போது இல்லை. அவ்வாவின் மருமகளும் என் அம்மாவும் காலையில் மதிற்சுவருக்கு இருபுறமும் நின்று பேசுவார்கள். போன வருடம் ஒருநாள் அந்த அம்மா, தான் பார்க்கும் தெலுங்குத் தொடரைப் பற்றிச் சொன்னாள். பூ விற்கும் மீனா, கார் ஓட்டும் பாலு, மகன்களில் ஒருவனை மட்டும் வெறுக்கும் மாமியார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. அது அவள் பார்க்கும் 'சிறகடிக்க ஆசை'. தமிழில் 2023 ஜனவரியில் தொடங்கியது. தெலுங்கில் அதே வருடம் அக்டோபரில் 'குண்டெநிண்டா குடிகண்டலு' என்ற பெயரில் வந்தது. இங்கே முத்து, அங்கே பாலு. மீனா இரண்டு பக்கமும் மீனா. தெலுங்கு பின்னால் வருவதால், அந்த அம்மா இன்று பதறும் சண்டை அம்மாவுக்கு எப்போதோ தீர்ந்துபோனது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகப்போகுதோ அக்கா" என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டாள். என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். பாட்டியாக இருந்தால் இரண்டு வசவு கூட்டியே சொல்லியிருப்பாள். அம்மா, "நாளைக்குப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாள். மறுநாள் காலை, பார்த்து முடித்த கதையை முதன்முறை கேட்பவள்போலச் சுவரருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கியதை நான்தான் போய் இறக்கினேன்.